வேலியே பயிரை மேயும் வியாதி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வியாதியைப் பற்றியது. வியாதியைப் பற்றிப் பேச வைத்தியர்கள் இருக்கிறார்களே, இந்த மேடையில் அதற்கென்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரு வீட்டில் வியாதி வந்தால் வைத்தியர் வாய் திறப்பதற்கு முன்னமே ஊர் வாய் திறந்துவிடுகிறது. ஊர் பேசி முடித்து, கோடாங்கி பேசி முடித்து, ஜோசியர் பேசி முடித்த பிறகுதான் அநேகர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். சில வியாதிகளில் இந்தத் தாமதத்தால் பணமும் நாளும் போவதோடு நின்றுவிடும். இப்போது நாம் சொல்லப்போகும் வியாதியில் தாமதத்துக்கு விலை கண் பார்வையாயிருக்கலாம், அல்லது காலாயிருக்கலாம். ஆதலால்தான் இதை ஒரு பொதுக்கூட்டத்தில் பேசவேண்டியது அவசியம் என்று கருதுகிறோம்.

இந்த வியாதி எப்படி வருகிறதென்று முதலில் கேளுங்கள். முப்பது வயதுள்ள ஒரு பெண். நேற்றுவரை நன்றாயிருந்தவள். காலையில் எழுந்திருக்கும்போது ஒரு கண்ணில் புகை மூடினதுபோல் இருக்கிறது. கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கிறது. சிவப்புப் புடவை வெளுத்துத் தெரிகிறது. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் தென்படாது. சிவக்கவில்லை, பீளை தள்ளவில்லை. ஒன்றிரண்டு மாதத்தில் பார்வை தெளிகிறது. பிறகு ஆறு மாதமோ ஒரு வருஷமோ சென்று இரண்டு காலும் மரத்துப்போகின்றன. நடக்க முடிவதில்லை. மூத்திரம் கட்டிக்கொள்கிறது. அதுவும் ஓரளவு தேறுகிறது. பின்னர் இன்னொரு நாள் இன்னோரிடத்தில் கிளம்புகிறது.

இதற்கு நம் மக்கள் சொல்லும் காரணங்களை நீங்களே அறிவீர்கள். கண்ணேறு பட்டது, செய்வினை வைத்தார்கள், குலதெய்வக் குற்றம், போன ஜன்மத்துப் பாவம், காத்து கருப்பு அடித்தது என்பவை அவை. இவையெல்லாம் சொல்லிப் பார்த்தும் தீராவிட்டால் கடைசியாக ஒன்று சொல்லுவார்கள்: "வேலை செய்யச் சோம்பல்பட்டு நடிக்கிறாள்" என்பார்கள். இத்தனை காரணங்களையும் சொன்னவர்களில் ஒருவராவது அந்தப் பெண்ணின் நரம்பில் என்ன நடக்கிறது என்று கேட்டதுண்டா? நாம் அதைக் கேட்போம்.

நரம்பும் அதன் உறையும்

கண்ணிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து முதுகுத்தண்டின் வழியாகக் கைகால்களுக்கும் சேதி போவது நரம்பு இழைகளின் வழியாக. சேதி என்றால் ஒரு சிறு மின்சார மாறுதல்தான். இந்த இழைகளில் அநேகத்தைச் சுற்றிக் கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஓர் உறை, பாய் சுருட்டினதுபோல் பல சுற்றுக்களாகச் சுற்றப்பட்டிருக்கிறது. இதற்கு மயலின் என்று பெயர். 1854-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து வைத்தியர் விர்ஷோ என்பவர் இந்தப் பெயரை இட்டார். மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் இந்த உறையைச் சுற்றிக் கொடுப்பதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஓர் அணு, அக்கம்பக்கத்திலுள்ள பல இழைகளுக்குத் தன் கைகளை நீட்டி உறை போடுகிறது.

மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை போட்டிருப்பதுபோல என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். ஆனால் அது பாதிதான் சரி. கம்பியின் ரப்பர் ஒரே நீளமாயிருக்கும். நரம்பின் உறையோ நடுநடுவே சிறு இடைவெளி விட்டிருக்கும். பிரான்ஸ் தேசத்து ரான்வியே என்பவர் 1870-களில் இந்த இடைவெளிகளைக் கண்டு எழுதினார். சேதியானது ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிப் போகிறது. உறையில்லாத மெல்லிய இழையில் சேதி விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில், அதாவது நாம் நடக்கிற வேகத்தில் போகும். நல்ல உறையுள்ள தடித்த இழையில் விநாடிக்கு 100 மீட்டர் வரைகூடப் போகும். அது மணிக்கு 360 கிலோமீட்டர் வேகம்.

இந்த உறை ஓரிடத்தில் உரிந்துபோனால் என்ன ஆகும்? சேதி தாமதிக்கும், அல்லது பாதி வழியில் நின்றுவிடும். கண் நரம்பில் உரிந்தால் பார்வை மங்கும். தண்டுவடத்தில் உரிந்தால் கால் விழும், சிறுநீர் அடைபடும். சிறு மூளையில் உரிந்தால் நடை தள்ளாடும். உறை போன இழை சில காலம் வெறுமனே கிடந்து, மறுபடி ஓரளவு உறை வந்து பிழைத்துக்கொள்ளுவதுண்டு. அடி பலமாயிருந்தாலோ, மேலும் மேலும் விழுந்தாலோ, இழையே அறுந்து சாகிறது. இறந்த இழை மூளையிலும் தண்டுவடத்திலும் திரும்ப வளருவதில்லை. தாமதத்துக்கு விலை உண்டு என்று நாம் தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான்.

இன்னொன்று கவனியுங்கள். உறை தேய்ந்த நரம்பு சூட்டைத் தாங்காது. உடம்பு சற்றுச் சூடேறினாலும் அதில் சேதி போவது தடைப்படும். வெந்நீரில் தலை முழுகினவுடன், அல்லது வெயிலில் வேலை செய்தவுடன் கண் மங்கி, உடம்பு ஆறினவுடன் தெளிவதுண்டு. உடம்பை வருத்தி வேலை செய்தவுடன் இப்படிக் கண் மங்குவதை 1890-இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் எழுதிவைத்தார். நம் ஊரில் என்ன சொல்லுவோம்? "எண்ணெய் தேய்த்து முழுகின நாளில் வெளியே போனாள், காத்து கருப்பு பட்டுவிட்டது" என்போம். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. வெந்நீரின் சூடு, அவ்வளவுதான்.

உறையை உரிக்கிறவர் யார்?

சரி, உறை ஏன் உரிகிறது? கிருமி கடித்ததா, விஷம் தின்றதா என்றால் அநேகமாக இல்லை. உடம்பைக் காக்கவேண்டிய படையே உறையின்மேல் பாய்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவதெப்படி என்று நம் பெரியவர்கள் கேட்பார்களே, அந்தக் கதைதான் இது.

நமது இரத்தத்தில் எதிர்ப்பொருள் என்று ஒன்று உண்டு. ஆன்டிபாடி என்று டாக்டர்கள் சொல்லுவது இதைத்தான். வெளியிலிருந்து ஒரு கிருமி வந்தால், அந்தக் கிருமியின் உருவத்துக்குச் சரியாகப் பொருந்தும்படியான புரதத்தை உடம்பு செய்துகொள்கிறது. பூட்டுக்குச் சாவிபோல அது அந்தக் கிருமியைப் பிடித்துக்கொண்டு, அதைக் கொல்லவேண்டிய மற்றவர்களுக்கு அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. ஒருமுறை தட்டம்மை கண்டவருக்கு அநேகமாக மறுமுறை வராததற்கு இந்த ஏற்பாடே முக்கிய காரணம்.

ஆயிரக்கணக்கான உருவங்களுக்குச் சாவி செய்கிற உடம்பு, தன் சொந்த வீட்டுப் பூட்டுக்கும் தப்பித்தவறிச் சாவி செய்துவிட்டால் என்ன கதி? அப்படிப்பட்ட சாவி செய்யும் அணுக்களை உடம்பு ஆரம்பத்திலேயே களையெடுக்கிறது. ஆனால் எந்தக் களையெடுப்பிலும் ஒன்றிரண்டு தப்புவது உண்டு என்று விவசாயம் செய்கிற உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

1901-ஐ ஒட்டி ஜெர்மனியில் எர்லிக் என்ற பெரிய ஆராய்ச்சிக்காரர் ஆடுகளை வைத்துச் சோதித்தார். ஓர் ஆட்டுக்கு வேறோர் ஆட்டின் இரத்தத்தைச் செலுத்தினால் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாயிற்று. ஆனால் தன் சொந்த இரத்தத்துக்கு உண்டாகவில்லை. இதைக் கொண்டு, உடம்பு தனக்குத் தானே விஷம் வைத்துக்கொள்ள அஞ்சும் என்று அவர் எழுதினார். அவர் பெரியவர் என்பதால் பலர் அதை மாற்ற முடியாத வாக்காக எடுத்துக்கொண்டு, அப்படி நடக்கவே நடக்காது என்று வெகுகாலம் நம்பினார்கள். பெரியவர் சொல்லைப் பரீட்சிக்காமல் நம்பும் வழக்கம் கோயில் வாசலோடு நிற்பதில்லை, ஆராய்ச்சி சாலைக்குள்ளும் நுழையும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. எதிர்ச் சாட்சி வந்தால் பெரியவர் சொல் விழுந்துவிடும். அந்தச் சாட்சி வந்த வழி நம் ஊருக்கும் தெரிந்த வழி.

நாய்க்கடி ஊசி சொன்ன சேதி

உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள். அந்த ஊசி மருந்து எதிலிருந்து செய்யப்பட்டது தெரியுமா? ஆட்டின் மூளையிலிருந்து.

1885-இல் பாரிஸில் பாஸ்டர் என்பவர் வெறிநாய்க்கடிக்கு முதல் தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது, நோய் ஏற்றின முயலின் முதுகுத்தண்டைக் காயவைத்துத்தான் கொடுத்தார். 1911-இல் இமயமலைப் பக்கத்துக் கசௌலியில் செம்பிள் என்ற வெள்ளைக்கார டாக்டர், நோய் ஏற்றின மூளையில் உள்ள கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று மருந்து செய்யும் முறையைக் கண்டார். நம் குன்னூரில் 1907-இல் ஏற்பட்ட பாஸ்டர் நிலையம் முதலான இடங்களிலும் இவ்வகை மருந்து செய்யப்பட்டு வந்தது. இந்த மருந்து எத்தனையோ பேரைச் சாவிலிருந்து காத்தது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு இரண்டொரு வாரத்தில் கால் விழுந்தது, மூளை வீங்கியது. அது வெறிநாய்க்கடி நோயல்ல. வெறியில்லாத நாய் கடித்தவர்களுக்குங்கூட அது வந்தது. அப்படியானால் மருந்திலிருந்து வந்ததா? மருந்திலுள்ள எதிலிருந்து வந்தது? 1933-இல் அமெரிக்காவில் ராக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த ரிவர்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஒரு கிருமியும் இல்லாத சுத்தமான முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி மூலம் ஏற்றினார்கள். சில குரங்குகளுக்குக் கைகால் விழுந்தது. மூளையைத் திறந்து பார்த்தால் நரம்பின் உறை உரிந்து கிடந்தது. கிருமியே இல்லாமல் வியாதி வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஊசியில் இருந்த அயல் மூளையின் மயலினைக் குரங்கின் உடம்பு எதிரியென்று எண்ணி ஆயுதம் செய்தது. அந்த மயலினும் குரங்கின் மயலினும் ஏறக்குறைய ஒரே ஜாடை. எதிரிக்கென்று செய்த ஆயுதம் சொந்த வீட்டின்மேல் விழுந்தது. மனிதர்களுக்கும் இப்படித்தான் என்பதற்கு 1987-இல் தாய்லாந்திலிருந்து சாட்சி வந்தது. செம்பிள் ஊசிக்குப் பிறகு நரம்பு வியாதி கண்டவர்களின் இரத்தத்திலும், மூளையைச் சூழ்ந்த நீரிலும், மயலினிலுள்ள ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏராளமாயிருந்ததை அங்கே ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள்.

2005-க்குப் பிறகு இந்த மூளை மருந்து நம் நாட்டில் இல்லை. இன்று கொடுக்கும் நாய்க்கடி ஊசி ஆராய்ச்சி சாலையில் வளர்த்த அணுக்களில் செய்யப்படுவது. அதில் மூளையும் இல்லை, மயலினும் இல்லை, கையில்தான் போடுகிறார்கள். ஆகையால் பழைய கதையைக் கேட்டுவிட்டு நாய் கடித்தபின் ஊசி வேண்டாமென்று யாரும் வீட்டில் இருந்துவிடவேண்டாம். அந்த நோய் கண்டபின் பிழைப்பது அபூர்வம்.

ஒரே வியாதியா, பல வியாதியா?

ஊசி போடாதவர்களுக்கும் இந்தத் தொல்லை வருகிறது. அதை ஆராய்ந்ததில், வெளிக்கு ஒன்றுபோல் தோன்றுகிறவை உள்ளே வெவ்வேறு என்று தெரிந்தது.

ஒன்று, மயலின் உறையின் வெளிப்பக்கத்தில் மாக் என்று சொல்லப்படும் ஒரு புரதம் இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எதிர்ப்பொருள் அதை நேரே வந்து பற்ற முடியும். குழந்தைகளுக்கு வரும் உறை வியாதிகளில் இது அதிகம். இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருளைச் சோதித்தே கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் சேர்த்து அடிக்கும் வியாதி. 1894-இல் பிரான்ஸில் லியோன் நகரத்து டெவிக் என்பவர் இதை விவரித்தார். நூறு வருஷத்துக்கு மேல் இது என்ன வியாதி என்று தகராறு. 2004-இல் அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியைச் சேர்ந்த லென்னான் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும், இந்த வியாதியஸ்தர்களின் இரத்தத்தில் ஒரு தனி எதிர்ப்பொருளைக் கண்டார்கள். மறு வருஷமே அது எதைப் பிடிக்கிறதென்றும் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால் அது பிடிப்பது மயலினை அல்ல. நரம்புக்குத் தாதிபோல் இருந்து பராமரிக்கும் வேறோர் அணுவின் தண்ணீர் வாய்க்காலைப் பிடிக்கிறது. அக்வாபோரின் என்பது அந்த வாய்க்காலின் பெயர். எதிர்ப்பொருள் அங்கே ஒட்டினவுடன் இரத்தத்திலுள்ள வேறு சில புரதங்கள் வந்து அந்த அணுவின் மேல்தோலில் துளை போடுகின்றன. தாதி சாகிறாள். தாதி செத்தபின் உறை செய்யும் அணுவும் உறையும் நிலைக்க முடியாமல் அழிகின்றன. மடையை உடைத்தவன் ஒருவன், அழிந்தது அடுத்த வயல் என்பதுபோல.

மூன்றாவது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். 1868-இல் பாரிஸில் ஷார்கோ என்பவர் இதைத் தெளிவாக விவரித்தார். குளிர் தேசங்களில் இது அதிகம். இதில் எல்லாருக்கும் பொதுவான ஓர் எதிர்ப்பொருளை இன்றுவரை யாரும் காட்டவில்லை. எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களும், நேரே போய்த் தாக்கும் வேறு வெள்ளை அணுக்களும் கூடிச் செய்கிற காரியம் இது. 2022-இல் ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது. அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் ஆவணங்களையும், சேமித்துவைத்த இரத்தத்தையும் பார்த்ததில், எப்ஸ்டீன் பார் என்ற கிருமி தொற்றினபின் இந்த வியாதி வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறதென்று தெரிந்தது. அந்தக் கிருமியின் ஒரு புரதத்துக்கும் மூளையிலுள்ள ஒரு புரதத்துக்கும் ஜாடை ஒற்றுமை இருப்பதும் அதே வருஷத்தில் காட்டப்பட்டது. ஆனால் அந்தக் கிருமி பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றியிருக்கிறது. வியாதியோ வெகு சிலருக்கே வருகிறது. ஆகவே கிருமி மட்டும் போதாது, வேறு காரணங்களும் சேரவேண்டும்.

இந்த மூன்றையும் பிரித்தறிவது வெறும் படிப்பாளிகளின் விளையாட்டல்ல. மூன்றாவது வியாதிக்குக் கொடுக்கும் இண்டர்பெரான் என்ற மருந்தை இரண்டாவது வியாதிக்குக் கொடுத்தால் அது வியாதியை மோசமாக்கும். பெயர் தவறினால் மருந்து தவறும். அதனால்தான் இரத்தப் பரீட்சை வேண்டும், எம்.ஆர்.ஐ. படம் வேண்டும் என்று சொல்லுகிறார்கள்.

விக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம் ஊர் சாஸ்திரம். அந்த இரண்டாவது வியாதி சிலருக்குக் கண்ணிலும் காலிலும் வராமல், மூளையின் அடிப்பாகத்தில் வாந்தியை ஏவும் இடத்தில் முதலில் வருகிறது. இரவும் பகலும் நிற்காத விக்கல், நிற்காத வாந்தி, இரண்டு நாளுக்கு மேலும் போகும். வயிற்று மருந்து கேட்காது. அப்படி விக்கினால் நினைக்கிறவர் யாரென்று தேடாதீர்கள். டாக்டரைத் தேடுங்கள்.

தேறினது யாரால்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்த வியாதிகள் அநேகமாக வந்து வந்து போகிறவை. தாக்குவதும் தணிவதும் இவற்றின் சுபாவம். தாக்குதல் உச்சத்தில் இருக்கும்போதுதான் வீட்டார் பயந்து எதையாவது செய்வார்கள். உச்சத்துக்குப் பிறகு தணிவுதானே வரவேண்டும்? தாயத்துக் கட்டினால் தாயத்தால் தேறினது. முடி காணிக்கை நேர்ந்தால் முடியால் தேறினது. மந்திரித்த தண்ணீர் குடித்தால் தண்ணீரால் தேறினது. ஒன்றுமே செய்யாமல் இருந்தவளுக்கும் தேறினதே, அது எதனால் என்று யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் அவள் கதையைச் சொல்லி யாருக்கும் வரும்படி இல்லை.

இரண்டாம் முறை வியாதி திரும்பும்போது தாயத்து தோற்றதென்று யாராவது சொல்லுகிறார்களா? நேர்த்திக்கடனில் குறை வைத்தாள், தீட்டோடு தொட்டாள் என்று குற்றம் அவள் தலையில் விழும். தேறினால் புகழ் சாமிக்கு, தேறாவிட்டால் பழி பெண்ணுக்கு. இப்படி ஒரு கணக்கு உலகத்தில் வேறு எந்த வியாபாரத்திலாவது உண்டா?

"நீங்கள் சொல்லும் ஆங்கில மருந்து மட்டும் என்ன? அதைக் கொடுத்தபின் தேறினதும் தானாகத் தேறினதுதானே?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. கேட்கவேண்டிய கேள்வி. டாக்டர் சொன்னார் என்பதற்காக நம்புவதும், சாமியாடி சொன்னார் என்பதற்காக நம்புவதும் ஒன்றுதான். எண்ணிப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

எண்ணிப் பார்த்தார்கள். 1992-இல் அமெரிக்காவில் ஒரு பரீட்சையின் முடிவு வெளியாயிற்று. கண் நரம்பு வீங்கின 457 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஸ்டீராய்டு மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். ஒரு கூட்டத்துக்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. குழாயில் ஏற்றினவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பிற்று. ஆனால் ஒரு வருஷம் சென்று பார்த்தால் மூன்று கூட்டத்தாருக்கும் பார்வை ஏறக்குறைய ஒன்றே! மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கோ வியாதி மற்றவர்களைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அதுவரையில் டாக்டர்கள் நல்லதென்று நம்பிக் கொடுத்து வந்த மாத்திரை அது. எண்ணாமலிருந்தால் இன்னும் அந்த நம்பிக்கையே நடந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதில்லையே என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பரீட்சையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது வகையை ஒட்டினவர்கள். இரண்டாவது வகையில், அதாவது தண்ணீர் வாய்க்காலைப் பிடிக்கும் வகையில், ஒவ்வொரு தாக்குதலும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். வந்த பார்வை முழுவதும் திரும்பாது. முதல் நாளில் பார்த்தவுடன் எந்த வகையென்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றையும் அவசரமாகவே நடத்தவேண்டும்.

அந்த வகையில் மருந்து வேலை செய்கிறதா என்றும் எண்ணினார்கள். 2019-இல் வெளியான பரீட்சையில், அணுவில் துளை போடும் புரதத்தைத் தடுக்கும் எக்குலிசுமாப் என்ற மருந்து பெற்ற 96 பேரில் 3 பேருக்கே வியாதி திரும்பிற்று. அது பெறாத 47 பேரில் 20 பேருக்குத் திரும்பிற்று. எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களுக்கு மூலமானவற்றை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை 2020-இல் ஜப்பானில் எண்ணினார்கள். மருந்து பெற்ற 19 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. பெறாத 19 பேரில் 7 பேருக்குத் திரும்பிற்று. தாயத்துக் கட்டின 19 பேரையும் கட்டாத 19 பேரையும் எண்ணிக் காட்ட எந்தக் கோடாங்கியாவது முன்வருவாரா? வந்தால் நாமே போய்க் கூட இருந்து எண்ணுவோம்.

இவற்றில் முதல் மருந்து ஏழைகள் கனவிலும் எட்டாத விலையுள்ளது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டாவது அதைவிட வெகு மலிவு. அசாதியோப்ரின் போன்ற இன்னும் மலிவான பழைய மாத்திரைகளும் உபயோகத்தில் உண்டு. தாக்குதல் கடுமையாயிருந்தால் இரத்தத்தை வெளியே எடுத்து, எதிர்ப்பொருள் கலந்த நீரை நீக்கிவிட்டு, அணுக்களைத் திரும்பச் செலுத்தும் முறையும் உண்டு. மருந்து கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைக் குடிசையில் இருப்பவனுக்கும் எட்டும்படி செய்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைச் சர்க்கார் செய்யும்படி கேட்கவேண்டியது ஜனங்களாகிய நாம்.

தாய்மார்களுக்கு

தாய்மார்களே! இந்த வியாதி பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். தண்ணீர் வாய்க்கால் வகையில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் வியாதி திரும்புவது அதிகம் என்பதும் தெரிந்த விஷயம். கர்ப்ப காலத்தில் உடம்பின் காவல் படையில் ஏற்பட்ட மாறுதல், பிரசவத்துக்குப் பின் திரும்பும்போது இப்படி நேருகிறது.

நம் நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த ஒரு மாதத்தில் தாய்க்குக் கண் போனால், பிள்ளையின் ஜாதகம் தாயைத் தின்னும் ஜாதகம் என்று எழுதிவிடுவார்கள். ஒன்றுமறியாத பச்சைக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் ஒரு பழி! கால் மரத்தவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பார்கள். கணவனுக்குக் கால் விழுந்தால் மனைவி அப்படி அனுப்ப முடியுமா? வியாதி நரம்பை மட்டுமே தாக்குகிறது. அவளுடைய மானத்தையும் வாழ்க்கையையும் தாக்குகிறவர்கள் மனிதர்கள். நரம்பின் உறையைக் காக்க இன்னும் ஆராய்ச்சி வேண்டும். அவளைக் காக்க எந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்லை, கொஞ்சம் நியாயம் இருந்தால் போதும்.

செய்யவேண்டியது என்ன?

முடிவாகச் சில வார்த்தைகள். ஒரு கண்ணில் பார்வை சில நாட்களுக்குள் மங்கி, கண்ணை அசைத்தால் வலித்தால். இரண்டு காலும் மரத்துச் சிறுநீர் அடைபட்டால். கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் ஓடினதுபோலிருந்தால். காரணமில்லாத விக்கலும் வாந்தியும் நாட்கணக்கில் நிற்காவிட்டால், நாள் கடத்தாமல் நரம்பு வைத்தியர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த அடையாளங்கள் வேறு வியாதியிலும் வரலாம். அதைச் சொல்லவேண்டியவர் டாக்டர், நாமல்ல. எந்த வகையென்று பெயர் கேளுங்கள். எதிர்ப்பொருள் பரீட்சை வேண்டுமா என்று கேளுங்கள். தாக்குதல் வந்த தேதி, தேறின தேதி, அப்போது சாப்பிட்ட மருந்து ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஞாபகம் பொய் சொல்லும், நோட்டு பொய் சொல்லாது. உடம்பு நன்றாயிருக்கிறதென்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாயிருப்பது மருந்து வேலை செய்வதனால் இருக்கலாம். அதிலும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதில் ஒன்றையும் நம்பவேண்டாம். எர்லிக் சொன்னதும் திருத்தப்பட்டது, பாஸ்டர் வழியில் வந்த மருந்தும் மாற்றப்பட்டது. நாம் சொன்னதையும் கேட்டு, விசாரித்து, எண்ணிப் பார்த்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அப்படி விசாரித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் ஒரு பெண் கண் மங்குகிறதென்று சொன்னால், அவளை முதலில் வண்டி ஏற்றி அனுப்பிவிட்டுப் பிறகு விசாரியுங்கள். விசாரணை காத்திருக்கும், நரம்பு காத்திருக்காது.